லேப்டாப் அம்புக்குறி விசைகளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக்: நீங்களே வடிவமைத்து பிரிண்ட் செய்ய

லேப்டாப்பின் வலது மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் நான்கு அம்புக்குறி விசைகளை வைத்து ஒரு கார் பந்தய விளையாட்டை அரை மணி நேரம் ஆடினாலே மூன்று விரல்களும் மடங்கியபடி இறுகிப்போகும். விரல்களைத் தனித்தனியாக அசைக்கச் சிரமப்படுபவர்களுக்கோ அந்த விசைகள் கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. விசைகளின் மேல் உட்காரும் ஒரு சின்ன ஜாய்ஸ்டிக்கை 3டி பிரிண்டரில் செய்துகொள்ளலாம். தண்டை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கத்து விசையை அடியில் இருக்கும் பாதம் அழுத்தும். மின்சுற்று கிடையாது, டிரைவர் மென்பொருள் கிடையாது, சார்ஜ் போட வேண்டியதும் இல்லை. லேப்டாப்பைப் பொறுத்தவரை யாரோ விசையை அழுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

யாரோ வடிவமைத்து வைத்த கோப்பை எடுத்து அப்படியே பிரிண்ட் போட்டால் பெரும்பாலும் பொருந்தாது. விசைகளின் அளவும் இடைவெளியும் லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும், இந்தக் கருவியிலோ 1 மி.மீ. தவறினாலே கதை முடிந்தது. அதனால் எப்படி யோசித்து வடிவமைப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் தரும் அளவுகளைத் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டு உங்கள் அளவுகளை அதில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் விசைகளைப் பாருங்கள்

கீழே மூன்று, மேலே ஒன்று என்ற தலைகீழ் ஆங்கில 'T' போன்ற அடுக்கைப் பரவலாக்கியது 1982-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் கொண்டுவந்த எல்கே201 விசைப்பலகை. லேப்டாப்களில் அதுவே மூன்று விதமாக வருகிறது. நான்கும் முழு அளவு விசைகளாக இருப்பது ஒன்று. மேல், கீழ் இரண்டும் பாதி உயரத்தில் ஒரே கட்டத்துக்குள் அடங்கி, இடமும் வலமும் முழு உயரத்தில் இருப்பது இன்னொன்று. நான்குமே பாதி உயரத்தில் இருப்பது மூன்றாவது. உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள், வடிவமைப்பு அதை ஒட்டித்தான் போகும்.

அளவெடுக்க ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். ஒரு விசையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த விசையின் இடது விளிம்பு வரை எவ்வளவு, விசைத் தலையின் அகலமும் உயரமும் எவ்வளவு, லேப்டாப்பின் மேல்தளத்திலிருந்து விசைத் தலை எவ்வளவு உயர்ந்து நிற்கிறது, அழுத்தினால் எவ்வளவு இறங்குகிறது ஆகியவை வேண்டும். இறக்கத்தை அளக்கக் காலிப்பரின் வால்பகுதியில் நீளும் ஆழக்கோலைப் பயன்படுத்துங்கள். பக்கத்து விசைகள் மேல் ஒரு நேரான ஸ்கேலைப் படுக்க வைத்து, அதிலிருந்து விசை அழுத்தாதபோது எவ்வளவு, முழுக்க அழுத்தியபோது எவ்வளவு என்று அளந்து கழித்தால் இறக்கம் வந்துவிடும். முழு அளவு விசைப்பலகையில் விசைக்கு விசை தூரம் சுமார் 19 மி.மீ., அதில் தலை 16, இடைவெளி 3 என்பது வழக்கம். இறக்கம் இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் 1 முதல் 1.5 மி.மீ. வரை இருக்கும்.

மாடலிங்கில் இறங்குமுன் விசைகளின் வெளிக்கோடுகளை மட்டும் வெட்டிய 0.6 மி.மீ. தடிமன் தட்டு ஒன்றை பிரிண்ட் செய்து விசைகள் மேல் வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அது கச்சிதமாக உட்கார்ந்த பிறகு மற்றதை வரையலாம்.

தண்டு எந்தக் கோட்டில் சாய வேண்டும்

இந்த வேலையில் யோசிக்க வேண்டிய இடம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

பார்த்தவுடன் தோன்றுவது நான்கு விசைகளுக்கும் நடுவில், அதாவது மேல் விசையும் கீழ் விசையும் சந்திக்கும் இடத்தில் தண்டை நிறுத்தி, நான்கு கைகளை நீட்டி, ஒவ்வொன்றையும் அந்தந்த விசையின் நட்டநடுவில் வைத்துவிடலாம் என்பது. அப்படிச் செய்து தண்டை உங்கள் பக்கம் இழுத்தால் கீழ் விசை மட்டும் இறங்காது, இடமும் வலமும் சேர்ந்தே இறங்கும். காரணம் எளிது. இடம், கீழ், வலம் மூன்றும் ஒரே வரிசையில் இருக்கின்றன. தண்டு உங்கள் பக்கம் சாயும்போது, சாய்வு நடக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எல்லாமே கீழே போகும்.

ஆகவே விதி இது: முன்பின் சாய்வு நடக்கும் கோடு, இட வலப் பாதங்களின் வழியாகவே செல்ல வேண்டும். ஒரு பாதம் அந்தக் கோட்டின் மேலேயே இருந்தால் தண்டு முன்னே போனாலும் பின்னே போனாலும் அது ஏறாது, இறங்காது.

முழு அளவு விசைகளில் இதைச் செய்வது எப்படி? கீழ் வரிசை விசைகளின் மேல் விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே ஒரு கிடைக்கோடு வரையுங்கள். அதுதான் சாய்வுக்கோடு. இட வலப் பாதங்களை அந்தக் கோட்டின் மேல், அந்தந்த விசையின் உள் விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே வையுங்கள். கீழ்ப் பாதத்தைக் கீழ் விசையின் அடி விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே வையுங்கள். மேல் பாதம், மேல் விசையின் அடி விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே வரட்டும். விசைத் தலை 16, இடைவெளி 3 என்றால் மேல் பாதமும் கீழ்ப் பாதமும் சாய்வுக்கோட்டிலிருந்து சரியாக 11 மி.மீ. தள்ளி நிற்கும். இட வலப் பாதங்கள் நடுவிலிருந்து 14 மி.மீ. தள்ளி நிற்கும்.

விசையை நடுவில் அழுத்தாமல் ஓரத்தில் அழுத்தினால் வேலை செய்யுமா என்று கேட்பீர்கள். செய்யும். பெரும்பாலான லேப்டாப் விசைகளுக்கு அடியில் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே மடங்கும் இரண்டு கைகள் இருக்கின்றன. எந்த ஓரத்தை அழுத்தினாலும் தலை முழுவதும் ஒரே மட்டத்தில் இறங்க வேண்டும் என்பதற்காகவே அவை இருக்கின்றன. விரலால் ஓரத்தை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், தெரியும்.

மேல் கீழ் மட்டும் பாதி உயரமாக இருக்கும் லேப்டாப் வைத்திருந்தால் உங்களுக்கு வேலை மிச்சம். அங்கே மேல் கீழ் விசைகளின் எல்லைக்கோடு, இட வல விசைகளின் நடுவிலேயே செல்கிறது. ஆனால் பாதங்களுக்கு 7 மி.மீ. தூரம்தான் கிடைக்கும், அதனால் தண்டு அதிகம் சாய வேண்டியிருக்கும். நான்கும் பாதி உயரம் என்றால் முழு அளவுக்குச் சொன்ன வழியையே சுருக்கிப் போடுங்கள். மூன்றில் இதுவே சிரமமானது, தூரம் 5 அல்லது 6 மி.மீ.தான் தேறும்.

இனி கோணம். விசை 1.4 மி.மீ. இறங்குகிறது, பாதத்துக்கும் விசைக்கும் நடுவில் 0.3 மி.மீ. இடைவெளி விடப்போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1.7. அதை 11-ஆல் வகுத்தால் 0.155, சுமார் 9 டிகிரி. இட வலத்தில் 14-ஆல் வகுத்தால் சுமார் 7 டிகிரி. 40 மி.மீ. உயரத் தண்டின் நுனி, முன்பின் 6 மி.மீ. நகரும். கட்டைவிரலுக்கு அது அளவான நகர்வு. பாதி உயர விசைகளில் 7-ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 14 டிகிரி வரும்.

வளையும் பட்டைகள்

தண்டு சாய ஒரு மூட்டு வேண்டும். பந்தும் கிண்ணமும் வைப்பது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பந்து தன்னைத்தானே சுற்றும், சுற்றினால் பாதங்கள் விசைகளை விட்டு விலகும். அதோடு, நடுவுக்குத் தானாகத் திரும்பி வரவும் செய்யாது.

அதைவிட நல்லது, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பாகங்களை மெல்லிய பட்டைகளால் இணைத்து ஒரே துண்டாக பிரிண்ட் செய்வது. நடுவில் பாதங்களைத் தாங்கும் நடுத்தட்டு, அதைச் சுற்றி ஒரு வளையம், வளையத்தைச் சுற்றி வெளிச்சட்டம். நடுத்தட்டையும் வளையத்தையும் முன்னும் பின்னுமாக இரண்டு பட்டைகள் இணைக்கும், அவை முறுக்கிக்கொள்வதால் தட்டு இட வலம் சாயும். வளையத்தையும் சட்டத்தையும் இடமும் வலமுமாக இரண்டு பட்டைகள் இணைக்கும், அவை முறுக்கிக்கொள்வதால் வளையம் முன்பின் சாயும். இந்த இரண்டு வெளிப்பட்டைகளும் மேலே சொன்ன சாய்வுக்கோட்டின் மீது அச்சாக இருக்க வேண்டும். விட்டதும் பட்டைகள் பழைய நிலைக்கு வருவதால் தண்டும் நடுவுக்கு வந்துவிடும்.

பட்டைக்கு 0.8 மி.மீ. அகலம், 2.4 மி.மீ. உயரம், 10 மி.மீ. நீளம் என்று தொடங்குங்கள். அகலம் குறைவு, உயரம் அதிகம் என்பதை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அந்த உயரம்தான் தண்டை நேராகக் கீழே அழுத்தும்போது தட்டு தொய்ந்து நான்கு விசைகளும் ஒன்றாக அழுந்தாமல் காக்கிறது. 0.8 என்பது 0.4 மி.மீ. நாசிலின் (பிளாஸ்டிக் வெளிவரும் முனையின்) இரண்டு கோடு, அதனால் ஸ்லைசர், அதாவது மாடலை லேயர் லேயராகப் பிரித்துத் தரும் மென்பொருள், அதைச் சுத்தமாகப் போடும். தண்டு கனமாகத் தெரிந்தால் பட்டையின் நீளத்தைக் கூட்டுங்கள், அகலத்தில் கை வைப்பதானால் எச்சரிக்கை தேவை. முறுக்கத்துக்கு எதிரான விறைப்பு அகலத்தின் மூன்றாம் அடுக்குக்கு (கனத்துக்கு) ஏற்ப மாறும். அகலம் பாதியானால் விறைப்பு சுமார் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

இந்தப் பட்டைகள் விறைப்புக்காகவும் தேவை. ஒரு லேப்டாப் விசையை அழுத்த ஏறக்குறைய 60 கிராம் எடை போதும். சாய்வுக்கோட்டிலிருந்து 11 மி.மீ. தள்ளி விழும் அந்த எடை, 40 மி.மீ. தண்டின் நுனியில் வெறும் 16 கிராம்தான். தொட்டாலே விசை இறங்கிவிடும். பட்டைகளின் விறைப்பும் சேரும்போதுதான் கைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது.

இந்த அளவுகளில் வெளிச்சட்டம் சுமார் 78 மி.மீ. அகலமும் 72 மி.மீ. ஆழமும் வரும். அது பக்கத்து விசைகளுக்கு மேலே நீளும், தப்பில்லை, அவற்றைத் தொடாமல் உயரத்தில் இருந்தால் போதும். வளையத்தின் முன்பின் ஓரங்கள் சாயும்போது 4.5 மி.மீ. வரை இறங்கும். ஆகவே சட்டத்தின் அடிப்பக்கம் விசைத் தலைகளுக்கு மேல் 6 மி.மீ. இருக்கட்டும். பாதங்களின் நீளம் அதிலிருந்து 0.3 குறைத்து 5.7. அவ்வளவு நீளப் பாதம் சாயும்போது விசையின் மேல் ஏறக்குறைய 1 மி.மீ. வழுக்கும், அதனால் பாத நுனியை அரைக்கோளமாக உருட்டிவிடுங்கள். நுனியில் மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டினால் விசையில் உள்ள எழுத்தும் தேயாது. ஒட்டுவதாக முடிவு செய்தால் அதன் தடிமனைப் பாதத்தின் நீளத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் விசையில் முடியக் கூடாது

விளையாட்டு சூடு பிடித்தால் யாரும் அளந்து தள்ளுவதில்லை. தண்டை அரைக் கிலோ எடையில் தள்ளினால், 40-க்கு 11 என்ற நெம்புகோல் கணக்கில், விசை மேல் கிட்டத்தட்ட 1.8 கிலோ விழும். அடியில் இருக்கும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் கைகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உடைந்தால் பல லேப்டாப்களில் ஒரு விசையை மட்டும் மாற்றுவதும் எளிதல்ல. எனவே தண்டை ஓர் எல்லையில் தடுத்து நிறுத்தும் கேட் கட்டாயம் வேண்டும். ஆர்கேட் ஜாய்ஸ்டிக்குகளில் இதே வேலையைச் செய்யும் பாகத்துக்கு அதுதான் பெயர்.

சட்டத்தின் மேல் பாலம் போல ஒரு துண்டு, நடுவில் தண்டு வெளிவர ஓர் ஓட்டை. பாலம் மூட்டுக்கு 12 மி.மீ. மேலே இருந்தால், அந்த உயரத்தில் தண்டு முன்பின் 12 × 0.155, அதாவது 1.9 மி.மீ. நகரும். இட வலம் 1.5. தண்டின் விட்டம் 8 மி.மீ. என்றால் ஓட்டை முன்பின் 11.8, இட வலம் 11. முதல் முறை 0.4 மி.மீ. சிறியதாகவே போடுங்கள். பிறகு விசை பதிவாகிறதா என்று பார்த்துப் பார்த்து அரத்தால் ராவிக்கொள்ளலாம். விசை அடிவரை முட்டுவதற்குக் கொஞ்சம் முன்பே பதிவாகிவிடும், தண்டு கேட்டில் முட்ட வேண்டியதும் அந்த இடத்தில்தான்.

ஓட்டையின் வடிவம் விளையாட்டின் குணத்தையே மாற்றும். வட்டமாக விட்டால் மூலைப் பக்கம் சாய்க்கும்போது ஒவ்வொரு திசைக்கும் முழு நகர்வில் சுமார் 70 சதவீதம்தான் கிடைக்கும், இரண்டு விசைகளில் ஒன்று பதிவாகாமல் போகலாம். சதுரமோ செவ்வகமோ என்றால் மூலையில் இரண்டு விசைகளும் முழுதாக இறங்கும். மூலைவிட்டமாக ஓட வேண்டிய விளையாட்டுக்கு இதுவே சரி. பிரமைக்குள் ஓடும் விளையாட்டுகளிலும் பாம்பு விளையாட்டிலும் ஒரு நேரத்தில் ஒரு திசைதான் வேண்டும், அவற்றுக்குக் கூட்டல் குறி வடிவ ஓட்டை நல்லது. பாலத்தைத் தனித் துண்டாகவே வைத்தால் ஆட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

நிற்கும் இடம்

சட்டத்தின் கால்கள் விசைகளின் மேல் நிற்கக் கூடாது. விசைகளுக்கு இடையே 3 மி.மீ. இடைவெளி இருந்தால் 2 மி.மீ. தடிமன் கால்களை அங்கே இறக்கலாம், அவை சட்டம் நகராமல் பார்த்துக்கொள்ளும். முன்பக்கக் கால்கள் உள்ளங்கை வைக்கும் தளத்தில் நிற்கட்டும். அவற்றை அகலமாக வைத்து, கறை விடாமல் உரியும் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் தண்டைத் தள்ளும்போது சட்டமே கவிழும். காந்தம் வைத்துப் பிடிக்கலாமே என்று தோன்றினால் வேண்டாம். மூடி மூடியிருக்கிறதா என்று அறியப் பல லேப்டாப்களில் காந்தத்தை உணரும் சென்சார் இருக்கிறது, காந்தம் அதன் அருகே வந்தால் திரை அணைந்து தூக்க நிலைக்குப் போய்விடலாம். பக்கவாட்டில் கிளிப் மாட்டினால் காற்றுத் துளைகளையும் போர்ட்களையும் மறைக்காமல் பாருங்கள்.

பிரிண்ட்

வரைய எந்த மென்பொருளும் சரிதான். டிங்கர்கேட் உலாவியிலேயே ஓடும், பழக எளிது. ஆனால் அளவுகளை மாறிகளாக வைத்து ஒரே இடத்தில் திருத்தும் வசதி ஃப்ரீகேட், ஓப்பன்எஸ்கேட் போன்றவற்றில் உண்டு. இந்த வேலையில் பல முறை 0.2 மி.மீ. திருத்த வேண்டியிருக்கும் என்பதால் நான் அவற்றின் பக்கம்தான்.

பட்டைகள் உள்ள துண்டுக்கு பெட்ஜி (PETG) வகைப் பிளாஸ்டிக் ஃபிலமென்ட் எடுங்கள். பலரும் பயன்படுத்தும் பிஎல்ஏ (PLA) விறைப்பானது, திரும்பத் திரும்ப முறுக்கினால் சீக்கிரம் முறியும். சாய்ந்த நிலையில் நெடுநேரம் இருந்தால் அப்படியே கோணிக்கொள்ளவும் செய்யும். துண்டைத் தலைகீழாக, பாதங்களும் கால்களும் மேலே பார்க்கும்படி பிரிண்டர் தளத்தில் வையுங்கள். பட்டை, வளையம், தட்டு மூன்றும் தளத்தோடு படிந்திருப்பதால் அந்தரத்தில் வரும் பகுதிகளைத் தாங்க பிரிண்டர் போடும் சப்போர்ட்டே தேவைப்படாது. 0.2 மி.மீ. லேயர் போதும். முதல் லேயர் பிதுங்கி வளையத்துக்கும் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைத்துவிடக் கூடும், எடுத்ததும் கத்தி நுனியால் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

தண்டைத் தனியாக, படுக்க வைத்து பிரிண்ட் செய்யுங்கள். நிற்க வைத்தால் லேயர்கள் குறுக்கே அமைந்து, பக்கவாட்டில் தள்ளும்போது அந்தக் கோட்டில் பட்டென்று ஒடியும். தண்டின் அடியைச் சதுரமாக விட்டு, நடுத்தட்டில் அதே சதுரக் குழியைப் பக்கத்துக்கு 0.15 மி.மீ. தளர்வோடு வையுங்கள். சதுரம் என்பதால் தண்டு சுற்றாது, தளர்வு குறைவு என்பதால் பசை இல்லாமலே இறுகி நிற்கும்.

பொருத்தி, சோதித்து

சாதாரணத் தாள் ஒன்றின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. தாளை மூன்றாக மடித்துப் பாதத்துக்கும் விசைக்கும் நடுவில் நுழையுங்கள். லேசாக உரசிக்கொண்டு போனால் 0.3 இடைவெளி சரி. சிக்கினால் பாத நுனியை உப்புத்தாளில் தேயுங்கள், தாராளமாக ஆடினால் நுனியில் டேப் ஒட்டுங்கள். நான்கு பாதங்களுக்கும் இதைத் தனித்தனியாகச் செய்யுங்கள், விசைத் தலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை.

அப்புறம் ஒரு விரிதாளைத் திறந்து, நடுவில் ஒரு கட்டத்தில் நின்று தண்டைச் சாய்த்துப் பிடியுங்கள். வலம் சாய்த்தால் தேர்வு வலப்பக்கம் மட்டும் ஓட வேண்டும். கீழே இழுக்கும்போது பக்கவாட்டிலும் விலகி ஓடினால், இட வலப் பாதங்கள் சாய்வுக்கோட்டிலிருந்து கீழே இறங்கியிருக்கின்றன என்று அர்த்தம். மேலே தள்ளும்போது விலகினால் கோட்டுக்கு மேலே போயிருக்கின்றன. எந்தப் பக்கம் திருத்துவது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. தண்டை விட்ட பிறகும் தேர்வு தானாக ஓடினால் ஏதோ ஒரு பாதத்துக்கு இடைவெளி போதவில்லை.

மூலைத் திசைகளைச் சோதிக்கும்போது விளையாட்டில் தேவைப்படும் மூன்றாவது விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சில விசைப்பலகைகளில் இரண்டு அம்புக்குறிகளோடு ஸ்பேஸ் விசையைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. அது விசைப்பலகையின் உள் கம்பி அமைப்பால் வருவது, ஜாய்ஸ்டிக்கின் குறை அல்ல. விளையாட்டின் அமைப்பில் தாவுவதற்கும் சுடுவதற்கும் வேறு விசைகளை வைத்துவிட்டால் தீரும்.

ஒன்றை மட்டும் எப்போதும் மறக்காதீர்கள்: கருவியைக் கழற்றாமல் மூடியை மூடினால் திரை உடையும். பாலத்தையும் தண்டையும் பளிச்சென்ற நிறத்தில் பிரிண்ட் செய்யுங்கள். வீட்டில் வேறு யாரும் அந்த லேப்டாப்பைத் தொடுவார்களானால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

தண்டு தனித் துண்டாக இருப்பதால், யார் பயன்படுத்தப்போகிறார்களோ அவர் கைக்கு ஏற்றதைச் செய்து கொடுக்கலாம். கட்டைவிரலால் தள்ளுபவருக்கு நுனியில் சற்றுக் குழிந்த வட்டு பொருந்தும். விரல்களை மடக்க முடியாதவருக்கு உள்ளங்கையை வைத்துத் தள்ளும் அளவுக்குப் பெரிய உருண்டை வேண்டும். கை நடுக்கம் உள்ளவருக்குப் பட்டைகளின் நீளத்தை 8 மி.மீ. ஆக்கி விறைப்பைக் கூட்டலாம், கைவலு குறைந்தவருக்கு 14 வரை நீட்டித் தளர்த்தலாம். உயரமான தண்டு லேசாக இருக்கும், ஆனால் அதிகம் நகர வேண்டும், குட்டையான தண்டு நேர்மாறு. 30, 40, 50 மி.மீ. என்று மூன்று தண்டுகளை ஒரே நேரத்தில் பிரிண்ட் செய்து அவர் கையில் கொடுத்து, எது பிடிக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.